மேல்காற்று

கூரூவில் மழை நின்று இருபது நிமிடம்.
சதுப்பில் தவளைகள்
விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றன.
தகரக் கொட்டகையில் யூலாலி
ஹீலியம் குழாயைத் திறக்கிறாள்.
ரப்பர்த் தோல் முதலில் முனகும்,
பிறகு எழுந்து உட்காரும்,
பிறகு அவளைவிட உயரமாக நின்று
கூரையை முட்டிப் பார்க்கும்.

இன்றிரவு இது ஐந்தாவது.

தூரத்தில், விளக்கு வெள்ளத்தில், ராக்கெட்.
அதன் மூக்குக்குள்
கைக்குட்டைபோல் மடித்து வைத்த இன்னொரு பலூன்.
அது வெள்ளிக்குப் போக வேண்டியது.
அமில மேகத்துக்குள் நாற்பது நாள் மிதந்து
அங்கே காற்று என்ன செய்கிறது என்று
சொல்ல வேண்டியது.

அங்கத்திய காற்றைப் படிக்கப் போகிறவர்களை
இங்கத்திய காற்று விடவில்லை.
பதினோராயிரம் மீட்டரில்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
சட்டெனத் திரும்பி வெட்டுகிறது.
புதனன்று வெட்டியது.
வியாழனன்றும்.
எண்ணைச் சொன்னவள் யூலாலி.
சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில்
ஓர் அறை முழுவதும் நாற்காலியில் சாய்வது கேட்டது.
கேன்டீனில் இப்போதெல்லாம்
உப்பை அவள் பக்கம் யாரும் நகர்த்துவதில்லை.

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
ஹெண்ட்ரிகே. நெதர்லாந்துக்காரி.
காலணி முழுக்கச் சேறு,
கழுத்தில் அடையாள அட்டை முதுகுப்பக்கம் புரண்டு கிடந்தது.
அந்த மடித்த பலூன் அவளுடையது:
பத்தொன்பது வருடம்,
மூன்று முறை நிதி மறுப்பு,
சரியான பசை தேடி ஒரு முழுக் குளிர்காலம்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் யூலாலி.

‘ஒரு பலூனைக்கூட நான் கையால் விட்டதில்லை.
எல்லாம் அறைக்குள். கையுறையோடு.
அமிலத்தில் முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி.’

யூலாலி அதன் கழுத்தை அவள் கையில் கொடுத்தாள்.
‘இழுக்கும். நூலை விரலில் சுற்றிக்கொள்ளாதே.’

விட்டாள்.
பலூன் போய் வெகுநேரம் ஆகியும்
அவள் கை மேலேயே நின்றது,
போன பேருந்தை
இன்னும் நிறுத்துகிறவள்போல.

நாற்பது நிமிடம் இருவரும் திரைமுன்.
ஏழாயிரம். ஒன்பதாயிரம்.
ஹெண்ட்ரிகே ஏதோ கேட்க வந்து
வாயை மூடிக்கொண்டாள்.
பதினொன்று.
வெட்டு இல்லை.
யூலாலி இரண்டு முறை பார்த்தாள்.
நல்ல எண்ணை நம்பாத பழக்கம்.
பிறகுதான் தொலைபேசியை எடுத்தாள்.

வெள்ளிக்கு வெள்ளிக்கிழமையே புறப்பட்டார்கள்.
(நம் மொழியில்போலவே அவர்கள் மொழியிலும்
அந்தக் கிழமை அந்தக் கோளுக்குத்தான்.)
கொட்டகைத் தகரம் பல்லைக் கடித்தது.
சதுப்பிலிருந்து சிவப்பு அரிவாள்மூக்கன்கள்
மொத்தமாய் எழும்பி,
போக வேறிடம் தெரியாமல்
அங்கேயே இறங்கின.
யூலாலி வெளியே வரவில்லை.
அவளுடைய ஐந்தாவது இன்னும் மேலே இருந்தது;
முப்பதாயிரத்தில் அது வெடிக்கும்வரை
அவள் பொறுப்பு.

வெள்ளியில் ஒரு நாள்
ஒரு வருடத்தைவிட நீளம்.
தரையில் ஈயம் உருகும்.
தென்றல் கிடையாது. வாடை கிடையாது.
மேகத்தட்டில் கொண்டல் ஒன்றுதான்,
ஓயாமல்,
சில நாளில் கோளையே ஒரு சுற்றுச் சுற்றி
புறப்பட்ட இடத்துக்கு வந்து
நில்லாமல் போகும் காற்று.

நவம்பரில் யூலாலியின் கைபேசிக்கு ஒரு செய்தி.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
‘கிழக்கிலிருந்து. விநாடிக்கு அறுபத்தெட்டு.’

கொட்டகைக் கரும்பலகையில்
காலை ஆறு மணிக் கணக்கு இருந்தது:
கிழக்கிலிருந்து, விநாடிக்கு ஆறு.
அதன் கீழே இதையும் எழுதிவிட்டு
வீட்டுக்குப் போனாள்.

மதிய ஷிஃப்டுக்கு வந்த கஸ்தோன்
கருவி பழுது என்று நினைத்து
ஈரத்துணியால் துடைத்துவிட்டான்.

மறுநாள் அவள் திரும்ப எழுதினாள்,
இம்முறை
ஊர்ப்பெயரும் சேர்த்து.